வெங்காயம் போட்ட பிரசாதம்

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நான் பஜனைக்குப் போகிறேன் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். அப்படி நினைக்க வைத்தது நான்தான். வடக்குத்தில் எங்கள் தெரு முனையில் ஷேர் ஆட்டோ ஏறுவேன். ஆர்ச் வளைவில் இறங்கி, சுரங்கக்காரர்கள் டவுன்ஷிப்புக்குள் ஒரு பிளாக் வரைக்கும் நடப்பேன். நெற்றி நிறையத் திருநீறு இருக்கும், கையில் ஒரு மஞ்சள் பை. திரும்பி வரும்போது பைக்குள் சுண்டல் பொட்டலம் இருக்கும். "பிரசாதம்" என்று மருமகள் கையில் கொடுப்பேன். அவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொள்வாள்.

நான் போனது பஜனைக்கு இல்லை. வலி மாத்திரைப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்களும், வந்துகொண்டிருப்பவர்களும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற இடத்துக்கு. சுண்டல் ஆர்ச் பக்கத்துத் தள்ளுவண்டியில் வாங்கியது.

இதைச் சொல்ல எனக்கு இப்போது ஒன்றும் வெட்கம் இல்லை. அப்போது இருந்தது. ஏன் இருந்தது என்றால், நான் அப்படி வாழ்ந்தவள். டவுன்ஷிப் ரோடு கூட்டுகிற காண்ட்ராக்ட் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். மரம் அதிகம் உள்ள ஊர், இலை கொட்டிக்கொண்டே இருக்கும். நான் கூட்டிவிட்டுப் போன ரோட்டை இன்னொருத்தி கூட்டினது கிடையாது. சூப்பர்வைசர் ஒரு நாள் கைகாட்டி, "அங்க ஒரு இலை கெடக்கு பாரு" என்றார். "அது நான் கூட்டினப்பறம் விழுந்ததுங்க, மரத்துக்கிட்ட கேளுங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் கைகாட்டவில்லை. புருஷன் சீக்கிரம் போய்விட்டான். மகனை வளர்த்து, வடக்குத்தில் ஓட்டு வீடாக இருந்ததை மெத்தை வீடாக்கினதும் நான்தான். அப்படிப்பட்டவள் போதைக்கு அடிமை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

முதுகு வலிதான் ஆரம்பம். குனிந்து குனிந்து கூட்டினதில் இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது என்றார்கள். ஒரு டாக்டர் ஒரு வாரத்துக்கு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். போட்ட அரை மணியில் வலி எங்கே போனது என்றே தெரியவில்லை. வலி மட்டுமா போனது, மனசில் இருந்த பாரமும் சேர்ந்து இறங்கினது. ஒரு வாரம் முடிந்தது. மருந்துக் கடையில் என் முகம் தெரியும். பழைய சீட்டைக் காட்டுவேன், கொடுத்துவிடுவான். பிறகு சீட்டும் காட்டவில்லை. ஒன்று இரண்டானது, இரண்டு அதற்கும் மேலே போனது.

போதை என்றால் சாராயம், கஞ்சா என்பதுதான் என் கணக்கு. மாத்திரை சாப்பிடுகிறவள் நோயாளி, அவ்வளவுதான். ஒரு சமயம் அந்தக் கடையில் சரக்கு வரவில்லை. மறுநாளே எனக்குக் காய்ச்சல் மாதிரி. மூக்கு ஒழுகுகிறது, ஓயாமல் கொட்டாவி வருகிறது, கால் இரண்டும் தானாக இழுத்து இழுத்து உதைத்துக்கொள்கிறது, உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிகிறது, வயிறு வேறு போகிறது. கொசுக் காய்ச்சல் என்று நினைத்து மருமகள் பப்பாளி இலையை அரைத்துச் சாறு கொடுத்தாள். கசப்பைக் குடித்துவிட்டு நானும் கொசுவைத் திட்டிக்கொண்டு கிடந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுக்கிறதற்கு முன்னாலேயே கேட்டார். "என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?" பையிலிருந்த காலி அட்டையைக் காட்டினேன். மருமகளை வெளியே அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார். இது காய்ச்சல் இல்லை, மாத்திரை கிடைக்காமல் உடம்பு கேட்கிறது என்று. மருமகளிடம் நான் காய்ச்சல் என்றே சொல்லிவைத்தேன். ஒரேயடியாக நிறுத்தாமல், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியதும் அவர்தான். "இந்த மருந்தும் இதோட சொந்தக்காரங்களும் இனிமே உங்களுக்கு ஆகாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதை மொதல்ல சொல்லிடணும்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். தலையாட்டினேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகச் சொன்னதும் அவர்தான்.

கூட்டம் நடப்பது ஒரு பழைய பால்வாடி அறையில். குழந்தைகள் உட்காருகிற குட்டி நாற்காலிதான் எல்லோருக்கும். மீசை வைத்த ஆம்பளைகள் எல்லாம் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் அ, ஆ என்று படம் போட்டு மாட்டியிருக்கும். எனக்குப் பேச வாய் வராத நாளில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பாதி மறந்துபோயிருந்த எழுத்துகள் எனக்குத் திரும்பி வந்தது அந்தச் சுவரில் இருந்துதான்.

கூட்டத்தை ஆரம்பித்தவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டு ஓட்டி ரிட்டயர் ஆனவர். தோள்பட்டையில் அடிபட்டு, ஊசியில் ஆரம்பித்து, மாத்திரைக்கு வந்து, எல்லாம் இழந்து மீண்டவர். பெல்ட்டுக்காரர் என்றுதான் நாங்கள் சொல்வோம். அங்கே பெயர் சொல்லிக்கொள்கிற வழக்கம் இல்லை. இன்னொருவன் அனல் மின் நிலையத்துச் சாம்பல் லாரி ஓட்டுகிறவன், முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும், வாய் அதிகம். முதல் நாளே என்னை "வாங்க ஆயா" என்றான்.

"ஆயாவா? யாருக்கு ஆயா? அம்மான்னு கூப்புடு, இல்லன்னா கூப்புடாத" என்றேன்.

"சரிங்க அம்மா. உங்களுக்கு என்னா வயசு, ஒரு முப்பது இருக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுரங்கத்திலிருந்து வந்த வழக்கம். சுரங்கத்தில் ஷிப்டு முடிந்துவிட்டது என்று யாரும் மிஷினை விட்டுவிட்டு வந்துவிட முடியாது. அடுத்த ஷிப்டு ஆள், ரிலீவர், வந்து நிற்க வேண்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். இருக்கிறவன் எது சரியாக ஓடுகிறது, எது மக்கர் செய்கிறது என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். "சார்ஜ் எடுத்துக்கினேன்" என்று அவன் சொன்ன பிறகுதான் இவன் கிளம்பலாம். எங்கள் கூட்டத்திலும் அப்படித்தான். யாருக்காவது மாத்திரை நினைப்பு வந்து தாங்க முடியவில்லை என்றால் போன் பண்ணுவார்கள். ஒரு ஆள் போய்ப் பக்கத்தில் உட்காருவார். அடுத்த ஆள் வந்து சார்ஜ் எடுக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். அறிவுரை ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பேச்சுத்துணை, டீ, அவ்வளவுதான்.

நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். மந்தாரக்குப்பத்தில் ஒரு வெல்டருக்கு, வாடகை வீட்டு மாடிப்படியில், அவன் பெண்டாட்டி வேலை முடிந்து வருகிற வரைக்கும். ஆனால் எனக்கு என்று யாரையும் வர விட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் பஜனைக் கதை உடைந்துவிடுமே. கால் இழுத்த நாட்களை எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து மூடி, மடித்த சேலையை மறுபடி மடித்து, ஒண்டியாகவே கழித்தேன். லாரிக்காரன் ஒரு நாள் கேட்டுவிட்டான்.

"நீங்க எல்லாருக்கும் வந்து குந்துறீங்க. உங்களுக்கு மட்டும் யாரும் வரக்கூடாது. ஏம்மா, நீங்க என்னா பர்மனெண்ட்டு, நாங்கள்லாம் காண்ட்ராக்டா?"

"எனக்குத் தேவப்படல."

"தேவப்படும்போது சொல்லுங்க, மெமோ குடுக்காம வரோம்."

அவனே என் போனை வாங்கி, பெல்ட்டுக்காரர் நம்பரைப் போட்டு, என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டான். பஜனை என்று வைக்கச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை காலையில், பின்வாசல் பாசியில் வழுக்கி விழுந்தேன். வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டாகிவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தபோது பாதம் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது, அது யாருடையதோ மாதிரி.

வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, "தொடர்ந்து ஏதாவது மருந்து எடுக்கறாங்களா?" என்று கேட்டார்கள். "சுகர் மாத்திரை மட்டும்தாங்க" என்று மருமகள் சொன்னாள். டாக்டரம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. பக்கத்தில் மகன் நின்றுகொண்டிருந்தான். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன் வேலை அவனுக்கு. ஷிப்டை விட்டுவிட்டு அழுக்குச் சட்டையோடு வந்திருந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் இடுப்பில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, காலில் தகடு வைத்து முடுக்கினார்கள். மரப்பு விடுகிற நேரத்தில் நர்ஸ் ஒரு ஊசியோடு வந்தாள்.

"என்னா ஊசி அது?"

பெயரைச் சொன்னாள். டாக்டரம்மா எழுதிப் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்த பெயர்களில் ஒன்று. அந்தப் பெயரைக் கேட்டதும் என் உடம்பு முழுக்க எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. போடச் சொல்லு, போடச் சொல்லு என்றது.

"வேணாம்."

"ஏம்மா?"

"ஊசின்னா பயம்."

"புள்ள பெத்தவங்க ஊசிக்கு பயப்படலாமா?" என்றாள். நான் கையை மடித்து வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

சொன்னால் மகனுக்கும் மருமகளுக்கும் தெரிந்துவிடும். சொல்லாமல் போட்டுக்கொண்டால் விட்டது எல்லாம் திரும்பி வரும். இரண்டும் வேண்டாம், வலியை நான் தாங்கிக்கொள்கிறேன் என்று முடிவு எடுத்தேன். தாங்குவது எனக்குப் புதுசா? ஆனால் இது வேறு வலி. காலுக்குள் யாரோ அரம் போட்டு ராவுகிற மாதிரி. தலையணை நனைந்துவிட்டது. சாதாரணக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள், அது கிட்டேயே போகவில்லை. சனிக்கிழமை காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, காரணம் சொல்லாமல் ஊசி வேண்டாம் என்றால் எப்படி என்றார்.

"நல்லா ஸ்ட்ராங்கா போட்டு விடுங்க டாக்டர். எங்கம்மா வீம்பு. அவங்க சொல்றத கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மகன் வீட்டுக்குத் தூங்கப் போனான், அன்றைக்கு அவனுக்கு நைட் ஷிப்டு.

சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம் என்றார் டாக்டர். அதற்கு மேல் விட முடியாது என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

அன்றைக்குக் கூட்டத்துக்கு நான் வரவில்லை என்று பெல்ட்டுக்காரர் போன் பண்ணியிருக்கிறார். மருமகள் எடுத்தாள். போனில் பஜனை என்று வந்ததால், "பஜனை ஐயாங்களா? அத்தை கீழ வுழுந்து ஆஸ்பத்திரில கெடக்குறாங்க" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே, பார்வையாளர் நேரம் முடிவதற்குள், அவரும் லாரிக்காரனும் வார்டுக்குள் வந்து நின்றார்கள். பெல்ட்டுக்காரர் கையில் சாத்துக்குடி. லாரிக்காரன் என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். அவன் வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மருமகள் எழுந்து கும்பிட்டாள். "வாங்கய்யா. அத்தை உங்களப் பத்திதான் பேசிக்கினே இருப்பாங்க. வலில துடிக்கிறாங்க, ஊசியும் வேணான்றாங்க. நீங்க ஒரு பாட்டு பாடுனா மனசு அடங்கும்."

பெல்ட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அங்கே நடப்பதையும் அங்கே வருகிறவர்களையும் வெளியே சொல்லக்கூடாது என்பது கூட்டத்தின் முதல் கட்டுப்பாடு. அவர் சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும்.

"பாட்டா?" என்றார்.

"ஆமாய்யா. வாராவாரம் பாடுறீங்கல்ல, அதான்."

பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்து கை கூப்பிவிட்டாள். எதிர்க் கட்டில்காரி தலையில் முந்தானை போட்டுக்கொண்டாள். பெல்ட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். வியர்வை கழுத்தில் இறங்குகிறது. நாற்பது வருஷம் பெல்ட்டுச் சத்தத்தில் நின்ற மனுஷன், அவருக்குப் பேச்சே கத்தல்தான், பாட்டு எங்கிருந்து வரும்? ஏதோ ஒரு சாமி பெயரை ஆரம்பித்தார். பாதியிலேயே மறந்துபோய் நின்றார். உடனே லாரிக்காரன், வருஷா வருஷம் மலைக்கு மாலை போடுகிறவன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உரக்கச் சரணம் விளிக்க ஆரம்பித்துவிட்டான். வார்டு முழுக்கப் பதில் சொன்னது. கால் கட்டு, கைக் கட்டு போட்டவர்கள் எல்லாம். பெல்ட்டுக்காரர் அவன் பின்னாலேயே தப்பான இடத்தில் கை தட்டுகிறார்.

நான் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தேன். எனக்காக, என் பொய்யைக் காப்பாற்ற, வயசான மனுஷன் ஊரார் முன்னால் கோமாளி மாதிரி கை தட்டிக்கொண்டிருக்கிறார். என்னை ஒருத்தர் கைகாட்டிப் பேசினால் எனக்குப் பொறுக்காது. அதைவிடப் பொறுக்கவில்லை இது.

"நிறுத்துங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

மருமகளைக் கிட்டே கூப்பிட்டேன். "இவங்க பஜனைக்காரங்க இல்ல. நான் பஜனைக்கே போனதில்ல. வலி மாத்திரைய வுட முடியாம கெடந்தேன். வுட்டவங்கல்லாம் கூடுற எடத்துக்குத்தான் போயிக்கினு இருந்தேன். அந்த ஊசிய போட்டா எனக்கு மறுபடியும் புடிச்சிக்கும். அதான் வேணான்னேன். போய் டாக்டர்கிட்ட சொல்லு."



"அப்ப சுண்டல்?"

"தள்ளுவண்டில வாங்குனது."

"அதான பாத்தேன். எந்தச் சாமிக்கு வெங்காயமும் மாங்காயும் போட்டு சுண்டல் படைப்பாங்க? ரெண்டாவது வாரமே எனக்குத் தெரியும் அத்தை, அது பிரசாதம் இல்லன்னு."

"அப்பறம் ஏண்டி கண்ணுல ஒத்திக்கினு தின்ன?"

"பஜனைல தலைய காட்டிட்டு, யாருக்கும் தெரியாம சினிமாவுக்குப் போறீங்கன்னு நெனச்சேன். இந்த வயசுல போவட்டுமேன்னு வுட்டுட்டேன்."

சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ஓடும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

டாக்டர் திட்டவில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு நாள் துடித்திருக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிப் பேசினார். காலுக்கு மட்டும் மரக்கிற மாதிரி தொடைப் பக்கம் ஒரு ஊசி போட்டார்கள். வலியின் பிடி தளர்ந்தது. இதற்கு மேலும் தாங்க முடியாத வலி வந்தால் மட்டும் கொடுக்க, கொஞ்ச நாளைக்கு, அளந்து ஒரு மாத்திரை எழுதினார். அட்டை என் கையில் வரக்கூடாது, வேறொருவர் வைத்திருந்து கொடுக்க வேண்டும் என்றார்.

பெண்கள் வார்டில் ராத்திரி ஆம்பளைகள் தங்க முடியாது. பெல்ட்டுக்காரர் மருமகளுக்கு வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்து, ஒப்படைத்துவிட்டுப் போனார். அவள் "சார்ஜ் எடுத்துக்கினேன்" என்றபோது அந்த வார்த்தை அவள் வாயில் சிரிப்பாக இருந்தது. ஆனால் மாத்திரை அட்டையை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் படுத்தாள். நான் இரண்டு தடவை வலி என்று எழுப்பினேன். முதல் தடவை கொடுத்தாள். இரண்டாவது தடவை, "நேரம் ஆவல அத்தை, இது காலு கேக்குதா, நீங்க கேக்குறீங்களா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த கோபத்திலேயே தெரிந்துவிட்டது, கேட்டது கால் இல்லை என்று.

காலையில் லாரிக்காரன் வந்து, சார்ஜ் எடுத்துக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பினான். சாம்பல் லோடு எடுக்கப் போகும் முன்பு ஒரு மணி நேரம். குட்டி ஸ்டூலைப் போட்டு வார்டு வாசலோரம் உட்கார்ந்தான். நைட் ஷிப்டு முடித்துவிட்டு மகன் வந்தான். மருமகள் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"நான் வந்துட்டேன், நீ கெளம்பு" என்றான் லாரிக்காரனிடம்.

"சார்ஜ் எடுத்துக்கினேன்னு சொல்லுங்கண்ணே, போறேன்."

"இன்னா சார்ஜு? எங்கம்மா இன்னா மிஷினா? நான் புள்ள, நான் பாத்துக்குவேன்."

"புள்ளதாண்ணே. இத்தன வருசமா புள்ளதான். தெரிஞ்சிதா உனுக்கு?"

அடித்துவிடுவான் என்று நினைத்தேன். மகனுக்குக் கை முறுக்கிக்கொண்டது. லாரிக்காரன் எழுந்திருக்கவே இல்லை. அவனுக்கு லேட்டாகிறது, வெளியே கிளீனர் போன் பண்ணிக்கொண்டே இருக்கிறான், எடுக்கவும் இல்லை. ரிலீவர் வராமல் எழுந்திருக்காத ஆளை மகன் வாழ்நாள் முழுக்க சுரங்கத்தில் பார்த்திருக்கிறான். அவனும் அப்படி நின்றிருக்கிறான். மழையில் அடுத்த ஆள் வராமல் டபுள் ஷிப்டு பார்த்துவிட்டுக் காய்ச்சலோடு வந்த நாள் எனக்கே தெரியும்.

கடைசியில் மகன் கேட்டான். தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான்.

"எப்படி இருக்கு?"

லாரிக்காரன் உடனே எழுந்து நேராக நின்றான். "ஓடிக்கினு இருக்குண்ணே. ராத்திரி ஒரு மாத்திரை குடுத்தாச்சு. ரெண்டாவது தரம் கேட்டாங்க, குடுக்கல. காலைல டீ குடிச்சாங்க, இட்லி வேணான்னுட்டாங்க. கோவம் இருக்கு, அது எப்பவும் இருக்கறதுதான்."

"சரி. சார்ஜ் எடுத்துக்கினேன். போ."

அட்டை மகன் சட்டைப் பைக்கு மாறியது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "இட்லி ஏன் வேணான்ன?" என்று கேட்டான். "கல்லு மாதிரி இருந்தது" என்றேன். வெளியே போய் வேறு கடையில் வாங்கி வந்தான். மாத்திரையைப் பற்றி அன்றைக்கு எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அட்டை அவனிடமோ மருமகளிடமோதான் இருந்தது. கூட்டத்து ஆள்கள் இப்போது வாசல் வழியாகவே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக்காரி யார் என்று கேட்டாள். "எங்க ஆளுங்க" என்றேன்.

வலி காய்ச்சல் மாத்திரைக்கே அடங்கியபோது, மீதியை நிறுத்திவிடச் சொன்னார் டாக்டர். அட்டையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீட்டில் வைக்க வேண்டாம் என்றேன். மகன் வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் கொடுத்து அழித்துவிடச் சொல்வதாக எடுத்துக்கொண்டான். வண்டியை எடுத்துக்கொண்டு அவன் தெரு முனை திரும்புகிற வரைக்கும் அவன் சட்டைப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் முகத்தைப் பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான். பார்த்தது பையை. திரும்பிய பிறகு உள்ளே வந்து பெல்ட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன். எனக்கு என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வந்து உட்கார்ந்தார். மருமகள் வேலை முடிந்து வந்து சார்ஜ் எடுத்த பிறகுதான் போனார்.

வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகு வந்த சனிக்கிழமை, மருமகளே ஸ்கூட்டரில் உட்கார வைத்துப் பால்வாடி வாசலில் இறக்கிவிட்டாள். நெற்றியில் திருநீறு இருந்தது. அது எப்போதும் வைப்பதுதான். வாக்கரை விரித்துக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினவள், திரும்பவும் நின்றாள்.

"முடிஞ்சதும் போன் பண்ணுங்க அத்தை, வரேன். வூட்டுக்குப் போறப்ப ஆர்ச்சில நிறுத்தி சுண்டல் வாங்கிக்கலாம்."

"எதுக்கு?"

"வாய் கேக்குது. வெங்காயம் தூக்கலா போடச் சொல்லணும்."